பனி தாங்கும் செடி வேறு, கச்சான் காற்று தாங்கும் செடி வேறு

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. உச்சிப்புளிக்குத் தெற்கே, கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். போன வருஷம் அங்கே போயிருந்தபோது ஒரு கிராமத்து வீட்டின் முன்னால் முழுக்க முழுக்க வெள்ளைப் பூவாகவே ஒரு தோட்டம் பார்த்தேன். பொழுது சாய்ந்த பிறகும் அது மட்டும் வெளிச்சமாக நின்றது. திரும்பும்போது மகள் ஆறு விதைப் பாக்கெட் வாங்கிக் கொடுத்தாள்: டெல்ஃபினியம், ஃபாக்ஸ்குளோவ், லூபின், ஷாஸ்டா டெய்சி, காரா, அலிசம். எல்லாம் வெள்ளை. பெரும்பாலானவற்றில் 'ஹார்டி பெரெனியல்', அதாவது தாங்கி நிற்கும் பல்லாண்டுச் செடி, என்று அச்சடித்திருந்தது. சித்திரையில் பாதி விதையைத் தேங்காய் நார்த்தூளில் தூவி, போர் தண்ணீர் தெளித்தேன். டெல்ஃபினியம் தலைகாட்டவே இல்லை. ஷாஸ்டா டெய்சி பத்துப் பதினைந்து முளைத்து, ஒரே வாரத்தில் இலை நுனி கருகிச் செத்தன. எதையும் தாங்கும் செடி என்றுதானே போட்டிருக்கிறான்? விதையிலிருந்தே வளர்க்கிற மாதிரி, வெள்ளையாகவே பூக்கிற, வருஷா வருஷம் நிற்கிற செடி எங்கள் ஊருக்கு உண்டா? மல்லிகையையும் விதை போட்டு வளர்க்கலாமா?

பதில்: டீச்சர், பாக்கெட்டில் பொய் எதுவும் இல்லை. 'ஹார்டி' என்று அவர்கள் சொல்வது உறைபனியை மட்டும் மனதில் வைத்து. அங்குள்ள ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் செடிகளுக்கு எச் 1 முதல் எச் 7 வரை மதிப்பெண் போடுகிறது. எச் 5 என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 10 முதல் 15 டிகிரி வரை குளிர் தாங்கும் என்று அர்த்தம். வெயிலைப் பற்றியோ உப்புக் காற்றைப் பற்றியோ அந்த எண்ணில் ஒரு வார்த்தை கிடையாது. வெயிலுக்கு எத்தனை மார்க் என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் செடிகளுக்குக் குளிர் வெறுமனே பொறுத்துக்கொள்கிற கஷ்டம் இல்லை, தேவையும்கூட. மார்கழி வந்தால் பலவற்றில் மேலே இருப்பதெல்லாம் காய்ந்துவிடும், வேர் மட்டும் மண்ணுக்குள் தூங்கும். அந்தத் தூக்கத்தை முடித்து எழுந்தால்தான் பூ. ஃபாக்ஸ்குளோவுக்கு ஒரு குளிர்காலம் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் இலையாகவே உட்கார்ந்திருக்கும். டெல்ஃபினியம் விதை 15 டிகிரிச் சூட்டில் சந்தோஷமாக முளைக்கும், 25-ஐத் தாண்டினால் அப்படியே அடங்கிவிடும். சித்திரையில் நம் கடற்கரையில் நள்ளிரவில்கூட அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். லூபினுக்குச் சுண்ணாம்பு ஆகாது. உங்கள் மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள், பாதி சிப்பித்தூளும் பவளப்பொடியுமாக இருக்கும். பகல் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் தென்பகுதியில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டுகிறது, நம் பக்கம் வருஷத்தின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணியைத் தொடாது. நீண்ட பகலைப் பார்த்துப் பூக்கிற செடி இங்கே எதைப் பார்த்துப் பூக்கும்?

அதனால் மீதிப் பாக்கெட்டுகளுக்கு இப்படிச் செய்யுங்கள். டெல்ஃபினியம், ஃபாக்ஸ்குளோவ், லூபின், ஷாஸ்டா நான்கையும் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஃபாக்ஸ்குளோவ் முழுச் செடியும் விஷம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அலிசத்தையும் காராவையும் வைத்துக்கொள்ளலாம். அலிசம் மத்தியதரைக் கடலோரத்துச் செடி, உப்புக் காற்று அதற்குப் புதிதில்லை. கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் தை, மாசியில் தரையோடு தரையாக வெள்ளை விரித்த மாதிரி பூக்கும், பங்குனியில் முடிந்துவிடும். காரா அமெரிக்காவில் டெக்சாஸ், லூசியானா பக்கத்தது, வெயிலும் வறட்சியும் பழகியது. ஆனால் ஆழமாக ஆணிவேர் விடும். நான்கு இலை வந்ததும் நட்டுவிட வேண்டும், தாமதித்தால் பிறகு இடம் மாற்றுவதை அது மன்னிக்காது. இந்த இரண்டையும் ஒரு சோதனையாகச் செய்து பாருங்கள், தோட்டமே இவற்றை நம்பி இருக்க வேண்டாம். அப்புறம், சொல்லாமல் விட்டால் தப்பு: வெளிநாட்டு விதையை அனுமதியும் நோயின்மைச் சான்றும் இல்லாமல் பெட்டியிலோ தபாலிலோ கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இடம் தருவதில்லை. மகளிடம் அடுத்த முறை சாக்லேட் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் தோட்டம். அங்கே பனிக்குத் தூங்குகிற செடி என்றால், இங்கே நமக்கு வேண்டியது வெயிலுக்குத் தூங்குகிற செடி, அல்லது வெயிலைச் சட்டையே செய்யாத செடி. இரண்டு வகையிலும் வெள்ளைப் பூ இருக்கிறது, இரண்டும் விதையில் வரும்.

முதலில் நிற்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என்று முகம் சுளிக்காதீர்கள். மடகாஸ்கரிலிருந்து வந்து நம் மணலில் சொந்த வீடு கட்டிக்கொண்ட செடி அது. ஆடு கடிக்காது, இந்தப் பக்கத்தில் ஒரு செடிக்கு அதைவிடப் பெரிய தகுதி வேறு இல்லை. வருஷம் முழுக்கப் பூக்கும், மூன்று நான்கு வருஷம் தாராளமாக நிற்கும். அதில் ரோஸ், சிவப்புக் கண் வைத்த வெள்ளை, கண்ணே இல்லாத சுத்த வெள்ளை என்று மூன்று உண்டு. உங்களுக்கு மூன்றாவது. லக்னோவில் இருக்கிற சிமாப் என்ற மூலிகை, நறுமணச் செடி ஆராய்ச்சி நிறுவனம் 'நிர்மல்' என்று வெள்ளைப் பூ ரகமே வெளியிட்டிருக்கிறது. அது கிடைக்காவிட்டால் தெருவோரத்தில் நல்ல வெள்ளையாகப் பார்த்து நீங்களே விதை எடுக்கலாம். காய் இரட்டையாக, மெல்லிய அவரைப் பிஞ்சு மாதிரி நிற்கும். பச்சை மாறி மஞ்சள் தட்டும் அன்றே பறித்துவிட வேண்டும். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று விட்டால், மறுநாள் பிளந்த தோல் மட்டும்தான் இருக்கும், விதையை மணலில் தேட முடியாது.

இந்த விதை இருட்டில்தான் முளைக்கும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். மேலே தூவிவிட்டு வெளிச்சத்தில் வைத்தால் பத்துக்கு இரண்டு வரும். அரை விரற்கடை மண் மூடி, தட்டின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு வையுங்கள். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் மண் லேசாக வெடிக்கும். அன்றைக்கே சாக்கை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். பிறகு தண்ணீரைக் குறையுங்கள். நித்தியகல்யாணி தாகத்தால் சாவதில்லை, தண்ணீர் அதிகமாகித் தண்டு அழுகித்தான் சாகும். சர்க்கரைக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தில் இலையைப் பறித்து மெல்ல வருவார்கள், விடாதீர்கள். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற செடி அது, வாயில் போட்டு விளையாடுகிற சரக்கில்லை.

இப்போது வெள்ளை வெள்ளையாகவே வருமா என்ற கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், டீச்சருக்கு அலுக்காது. வெள்ளைப் பூ என்றால் வெள்ளைச் சாயம் உள்ள பூ என்று அர்த்தமில்லை. நிறம் செய்கிற வேலை எங்கோ ஒரு படியில் நின்றுபோன பூ. அதனால் பெரும்பாலான செடிகளில் வெள்ளை ஒடுங்கு குணம், நிறம் பக்கத்தில் வந்தால் அடங்கிப்போகும். மரபியலின் தந்தை என்கிற மெண்டல் ஊதாப் பூப் பட்டாணியையும் வெள்ளைப் பூப் பட்டாணியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் வெள்ளையே இல்லை. அவற்றின் விதையைப் போட்டபோது 929 செடியில் 705 ஊதா, 224 வெள்ளை. ஒளிந்திருந்தது திரும்பி வந்தது. அப்படித் திரும்பி வந்த வெள்ளையைத் தன்னோடு தானே சேர விட்டால் அப்புறம் வெள்ளைதான். ஆக, வெள்ளைத் தோட்டம் வேண்டுமென்றால் முதல் வேலை பூ நடுவது இல்லை, வேலிக்குள்ளும் வேலியோரத்திலும் நிற்கிற ரோஸ் நித்தியகல்யாணியைப் பிடுங்குவது. ஒரு ரோஸ் செடி நின்றால் போதும், பட்டாம்பூச்சி மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டிலும் நின்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வழி, நாற்றிலேயே களை எடுப்பது. மூன்று நான்கு இலை வந்ததும் நாற்றைச் சாய்த்துத் தண்டையும் இலைக்காம்பையும் பாருங்கள். நிறப் பூச் செடிக்குத் தண்டில் லேசாகச் சிவப்பு ஓடும், வெள்ளைப் பூச் செடி பெரும்பாலும் சுத்தப் பச்சையாக இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். சிவந்ததையெல்லாம் எடுத்துவிட்டால் பூக்கும் நாளில் ஏமாற்றம் குறையும்.

இதற்கு விலக்கும் உண்டு. இங்கிலாந்தில் 1900-களின் தொடக்கத்தில் பேட்ஸன், புன்னெட் என்ற இரண்டு பேர், ஸ்வீட் பீ என்ற பூங்கொடியில் இரண்டு வெள்ளை ரகங்களைக் கலந்தார்கள். பிறந்தது அத்தனையும் ஊதா! ஒன்றில் ஒரு படி நின்றிருந்தது, மற்றதில் வேறொரு படி. இரண்டும் சேர்ந்ததும் குறை நிரம்பிவிட்டது. ஆகவே இரண்டு ஊரிலிருந்து இரண்டு வெள்ளையைக் கொண்டுவந்து அருகருகே வைத்து, அதன் விதையில் நிறம் வந்தால் விதை கொடுத்தவரைத் திட்டாதீர்கள்.

வேலிக்கு வெள்ளைக் காக்கட்டான், சிலர் வெள்ளைச் சங்குப்பூ என்பார்கள். விதைத்தோல் கல் மாதிரி. நகவெட்டியால் ஒரு ஓரத்தில் மெல்லச் சீவி, இரவு தண்ணீரில் போட்டால் காலையில் பாதி உப்பியிருக்கும். உப்பியதை நடுங்கள், உப்பாததை மறுபடி சீவுங்கள். நீலத்தோடு சேர்த்து வளர்க்காதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். இதை ஆடு கடிக்கும், ஆகவே வேலியின் உள்பக்கம்.

வெள்ளை அந்திமந்தாரை நான் சொன்ன அந்தத் தூங்குகிற சாதி. மிளகு மாதிரிக் கறுத்த விதை, ஈர மண்ணில் விரல் ஆழத்துக்குப் போட்டால் எந்த உபசாரமும் கேட்காமல் வரும். மேலே காய்ந்துபோனாலும் கீழே கிழங்கு கிடக்கும், மழை விழுந்ததும் எழுந்துவிடும். நான்கு மணிக்கு மேல் விரியும், இருட்டில் மணக்கும். நீங்கள் இங்கிலாந்தில் பார்த்த அந்தி வெளிச்சத்துக்கு நம்மிடம் இருக்கிற பதில் இதுதான். விதை விஷம், பேரப்பிள்ளைகள் வந்தால் கவனம். வெள்ளை மழைலில்லியும் இதே சாதிதான். அதன் விதை தட்டையாகக் கரித்தாள் போல இருக்கும், எடுத்த வாரமே போட்டுவிட வேண்டும், டப்பாவில் சேர்த்து வைத்தால் வீணாகிவிடும். வெள்ளை டிசம்பர் பூ விதையிலும் வரும், கொப்பிலும் வரும். தும்பை பல்லாண்டுச் செடி இல்லை, இருந்தாலும் ஒரு தடவை விட்டால் ஒவ்வொரு மழைக்கும் தானே வந்து நிற்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக என் செல்லம், விஷமூங்கில். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூங்கிலும் இல்லை. கடலோர மணலில் வளர்கிற பெரிய லில்லி. இடுப்பு உயரத்துக்கு வாள் மாதிரி இலை, நடுவில் ஒரு தண்டு, அதன் உச்சியில் கொத்தாகச் சிலந்திக் கால் போல மெல்லிய வெள்ளை இதழ்கள். ராத்திரி வாசம் திண்ணை வரை வரும். கிழங்கு உட்பட எல்லாமே நஞ்சு என்பதால் ஆடும் மாடும் கிட்டே போகாது. இதன் விதையைப் பார்த்தால் விதை என்றே நம்ப மாட்டீர்கள். சின்ன உருளைக்கிழங்கு அளவில், பச்சையும் சாம்பலுமாக, கோணல் மாணலாக இருக்கும், தக்கை மாதிரி மிதக்கும். அலையில் மிதந்து போய் வேறு கரையில் முளைப்பதற்காகவே அப்படி. போன தைக்கு ஒன்றை என் மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன். மண் இல்லை, தண்ணீர் இல்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு குழாய் நீண்டு, பில் புத்தகத்தின் மேல் வேர் தேடிக்கொண்டிருந்தது. ஆக இதற்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. பாதி புதைத்து, பாதி வெளியே தெரிய வையுங்கள். பூக்க மூன்று வருஷம் ஆகலாம், பூத்த பிறகு உங்கள் பேரன் காலம் வரை நிற்கும். ஒரே எதிரி, இலையைக் குருத்தோடு தின்கிற வரிப்புழு. காலையில் கையால் பொறுக்கினால் போதும். விதையைத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு காயைக்கூட எடுக்கக் கூடாது.

சரி, உங்கள் ஷாஸ்டா ஏன் முளைத்தும் கருகியது? வெயில் பாதி, உப்பு மீதி. இலை நுனி கருகினால் முதலில் உப்பைச் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் அதை இரண்டு வழியில் ஊட்டியிருக்கிறீர்கள். போர் தண்ணீர் ஒன்று. நார்த்தூள் இன்னொன்று: தேங்காய் நாரிலேயே உப்பு உண்டு, கழுவாத தூளில் அது அப்படியே இருக்கும். நானே ஒரு தடவை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு வியாபாரியிடம் பத்து மூட்டை வாங்கி, கழுவாமல் தட்டு நிரப்பி, ஒரு பட்டம் நாற்று முழுக்கப் பறிகொடுத்தவன். அதற்கப்புறம் நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழியாத நார்த்தூளைத் தொடுவதில்லை. உங்கள் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்துதிறன், அதாவது தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும் எண், மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் நாற்றுக்கு ஊற்றலாம். மேலே போனால் நாற்று நிலையில் மழைத் தண்ணீர்தான், வளர்ந்த பிறகு போர் தண்ணீரைப் பழக்கலாம். தட்டு நிரப்ப இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். நம் மாவட்டத்தில் கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை, சாம்பலைச் சலித்து நீக்கிய கரித்தூள் ஒரு கை சேர்த்தால் தட்டு அழுகாமல் இருக்கும்.

காலம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். சித்திரையில் விதைப்பது நம் ஊரில் விதையை வறுப்பது. புரட்டாசியில் தாழ்வாரத்தில் தட்டில் போட்டு, ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகைக்குள் நிலத்தில் நட்டுவிடுங்கள். மழை இருக்கிற இரண்டு மாதமும் வேர் கீழே போகும், அந்த வேர்தான் அடுத்த சித்திரையைத் தாங்கும். நேராக நிலத்தில் தூவ ஆசைப்படாதீர்கள். நான் ஒரு வருஷம் சோம்பல்பட்டுப் பாத்தியிலேயே நித்தியகல்யாணி விதையைத் தூவினேன். அன்று ராத்திரி கொட்டிய மழையில் எல்லாம் வாய்க்காலோடு போய், தை மாதம் பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் வெள்ளை வெளேரென்று பூத்தது. அவர் இன்றுவரை அது தானாக வந்தது என்றுதான் சொல்கிறார்.

உங்கள் வீடு தெற்குக் கரையில் இருப்பதால் ஆனி ஆடிக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, நேராக முகத்தில் அடிக்கும், மணலை வாரி இளந்தண்டை அறுக்கும். அதற்குச் சுவர் எழுப்பாதீர்கள், காற்று சுவரைத் தாண்டிச் சுழன்று உள்ளே விழும். தென்மேற்குப் பக்கம் பனையோலைப் படல் கட்டுங்கள், பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும். படலுக்கு வெளியே இரண்டு புன்னை வையுங்கள். அதுவும் வெள்ளைப் பூதான், அதுவும் விதையில்தான், கொட்டையின் ஓட்டை உடைத்துப் பருப்பைப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். பத்து வருஷத்தில் படலே தேவைப்படாது. காற்று அடித்து ஓய்ந்த நாளில் இலைமேல் நல்ல தண்ணீர் தெளித்து உப்பைக் கழுவிவிடுங்கள்.

மல்லிகையைக் கேட்டிருந்தீர்கள். நம் குண்டுமல்லி விதை வைப்பதில்லை டீச்சர், பதியன் அல்லது வேர்விட்ட கொப்புத்தான். அதற்கு நீங்கள் இங்கிலாந்து போக வேண்டாம், பாம்பன் பாலம் தாண்டித் தங்கச்சிமடம் போனால் போதும். மதுரைப் பக்கத்து மல்லித் தோட்டங்களுக்கே இங்கிருந்துதான் நாற்று போகிறது. மழை பிடிக்கும் முன் காலையிலேயே போய், கைவிரல் நீள வேர் உள்ளதாக எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஜன்னல் காற்று படாமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். அன்று சாயங்காலமே நட்டுவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.